துபாயில் பள்ளியை முன்வைத்துக் குடியிருப்புப் பகுதியைத் தேர்ந்தெடுப்பது எப்படி: முழுமையான வழிகாட்டி

துபாய்க்குக் குடும்பத்தோடு வருபவர்களில் பலர் முதலில் வீட்டைப் பிடித்துவிட்டுப் பிறகு பள்ளியைத் தேடுகிறார்கள். வரிசை அதற்கு நேர்மாறாக இருக்க வேண்டும். இந்த ஊரில் பணம் இருந்தால் வீடு கிடைத்துவிடும். பிள்ளையின் வகுப்பில் இடம் காலியாக இருந்தால்தான் பள்ளி கிடைக்கும். ஆகவே முதலில் பள்ளியில் இடம், அடுத்து அந்தப் பள்ளிக்குப் போகும் சாலை, கடைசியாக வீடு என்ற வரிசையிலேயே கீழுள்ள படிகளை அமைத்திருக்கிறேன்.

1. ஊரை விட்டுக் கிளம்புமுன் கையில் இருக்க வேண்டியவை

இங்கே ஆவணங்கள் ஒன்றையொன்று பிடித்துக்கொண்டு நிற்கும். குடும்ப விசாவுக்கு ஈஜாரி வேண்டும். ஈஜாரி என்பது வாடகை ஒப்பந்தத்தின் அரசுப் பதிவு. ஈஜாரிக்கு வேலைக்கு வந்தவரின் எமிரேட்ஸ் ஐடி என்ற அரசு அடையாள அட்டை வேண்டும். பிள்ளையின் சேர்க்கையை முழுமையாக முடிக்கப் பள்ளி பிள்ளையின் எமிரேட்ஸ் ஐடியைக் கேட்கும். அது குடும்ப விசா வந்த பிறகுதான் கிடைக்கும்.

எனவே வேலைக்கு வருபவர் முதலில் தனியாக வந்து தன் விசாவையும் எமிரேட்ஸ் ஐடியையும் முடிக்க வேண்டும். அவர் பள்ளியில் இடத்தை உறுதிசெய்து, வீட்டைப் பிடித்து, ஈஜாரி போட்டு, அதன் பிறகு குடும்பத்தை அழைப்பதே தடங்கல் குறைந்த வழி. பிள்ளையின் விசா நடைமுறையில் இருக்கும்போதே தற்காலிகமாகச் சேர்த்துக்கொள்ளும் பள்ளிகளும் உண்டு. எத்தனை நாள் அவகாசம் என்பதை மட்டும் எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள்.

திருமணச் சான்றிதழ், பிள்ளைகளின் பிறப்புச் சான்றிதழ், பள்ளி மாற்றுச் சான்றிதழ் ஆகியவற்றுக்குச் சொந்த நாட்டிலேயே மேலொப்பம் (அட்டெஸ்டேஷன்) வாங்கிவிட வேண்டும். விமானம் ஏறிய பிறகு மாற்றுச் சான்றிதழுக்கு மேலொப்பம் வாங்குவது, ஊரில் இருக்கும் உறவினர் ஒருவரை வாரக்கணக்கில் அலுவலகம் அலுவலகமாக அலைய வைக்கும் வேலை. தடுப்பூசி அட்டையையும் கடைசி இரண்டு ஆண்டு மதிப்பெண் அறிக்கைகளையும் கைப்பையில் வையுங்கள். சரக்கில் அனுப்பும் பெட்டிக்குள் போட வேண்டாம்.

2. பாடத்திட்டத்தை முடிவு செய்யாமல் வரைபடத்தைத் திறக்காதீர்கள்

துபாயில் தனியார் பள்ளிகள் மட்டுமே இருநூறுக்கும் மேல் இருக்கின்றன. பாடத்திட்டம் முடிவாகிவிட்டால் அந்தப் பட்டியலில் பெரும்பகுதி தானாகக் கழன்றுவிடும்; கூடவே பாதி நகரமும் கழன்றுவிடும்.

சிபிஎஸ்இ, ஐசிஎஸ்இ பள்ளிகள் ஊத் மேத்தா, கர்ஹூத், குசைஸ், வர்கா, சிலிக்கான் ஓயாசிஸ், ஜபல் அலி பக்கம் உள்ள கார்டன்ஸ் ஆகிய பகுதிகளில் கொத்துக் கொத்தாக இருக்கின்றன. பிரிட்டிஷ், அமெரிக்க, ஐபி (இன்டர்நேஷனல் பேக்கலோரியேட்) பள்ளிகளைத் தேடுபவர்கள் பர்ஷா, சுஃபூஹ், ஜுமைரா, ஃபெஸ்டிவல் சிட்டி, மிர்திஃப் பக்கம் பார்க்க வேண்டும். நாத் அல் ஷெபாவிலும் பர்ஷா சவுத்திலும் இரண்டு வகையும் உண்டு.

கல்வியாண்டும் மாறும். இந்தியப் பாடத்திட்டப் பள்ளிகள் ஏப்ரலில் தொடங்குகின்றன. மற்றவை பெரும்பாலும் ஆகஸ்ட் இறுதியில் தொடங்குகின்றன. ஜூலையில் வந்து இறங்கும் குடும்பத்தின் பிள்ளைக்குச் சிபிஎஸ்இ பள்ளியில் ஆண்டின் முதல் பருவம் ஏற்கெனவே ஓடியிருக்கும். பிரிட்டிஷ் பள்ளியில் ஆண்டே தொடங்கியிருக்காது.

ஒன்பதாம் வகுப்பிலும் பதினொன்றாம் வகுப்பிலும் இருக்கும் பிள்ளைகளுக்கு இன்னும் கவனம் வேண்டும். சிபிஎஸ்இயில் இவை இரண்டாண்டுப் பாடங்களின் முதல் ஆண்டுகள். 10, 12 வகுப்புகளில் நேரடியாகச் சேர்வதற்கு வாரியத்தின் ஒப்புதல் தேவைப்படும். அதே பாடச் சேர்க்கை புதிய பள்ளியிலும் இருந்தாக வேண்டும். இப்படிப்பட்ட பிள்ளை வீட்டில் இருந்தால் பகுதி, வாடகை, கடற்கரை எல்லாவற்றையும் ஓரமாக வைத்துவிட்டு, இடம் தரும் பள்ளிக்குப் பக்கத்தில் வீடு பார்ப்பதே சரி.

மொழிப் பாடத்தையும் இப்போதே கேட்டுவிடுங்கள். தொடக்க, நடுநிலை வகுப்புகளில் அரபு கட்டாயப் பாடம். அதற்கு மேல் இரண்டாம் மொழியாகத் தமிழை எல்லாப் பள்ளியும் வைப்பதில்லை. பிள்ளை தமிழ் படித்தாக வேண்டும் என்பது உங்கள் நிபந்தனையானால் பட்டியல் மிகவும் சுருங்கும். அந்தச் சுருக்கம் பகுதி தேடும் வேலையையும் சேர்த்தே எளிதாக்கிவிடும்.

3. மூன்று பள்ளிகள், ஒரு உறுதியான இடம்

துபாயின் தனியார் பள்ளிகளைக் கே.எச்.டி.ஏ என்ற அரசு அமைப்பு மேற்பார்வையிடுகிறது. அதன் இணையதளத்தில் ஒவ்வொரு பள்ளியின் ஆய்வறிக்கையும் கிடைக்கும். மிகச் சிறப்பு என்பதிலிருந்து மிகப் பலவீனம் என்பது வரை ஆறு தரநிலைகள் உண்டு. பெற்றோர் பலரும் மேலே உள்ள ஒற்றைச் சொல்லை மட்டும் படித்துவிட்டு மூடிவிடுகிறார்கள். மழலையர், தொடக்க, நடுநிலை, உயர்நிலைப் பிரிவுகளுக்கு அறிக்கையின் உள்ளே தனித்தனி மதிப்பீடு இருக்கிறது; உங்கள் பிள்ளை போகப்போகும் பிரிவின் மதிப்பீடுதான் உங்களுக்குத் தேவை. அறிக்கை எந்த ஆண்டைச் சேர்ந்தது என்பதையும் பாருங்கள்.

மூன்று பள்ளிகளைத் தேர்ந்து மூன்றிலும் விண்ணப்பியுங்கள். காத்திருப்புப் பட்டியலில் பெயர் இருக்கிறது என்பதை இடமாக எண்ணி வீட்டுக்கு முன்பணம் கொடுக்க வேண்டாம். இடம் கிடைத்தபின் அதை உறுதிசெய்யச் செலுத்தும் தொகை வழக்கமாகக் கல்விக் கட்டணத்தில் கழிக்கப்படும். சேராவிட்டால் அது திரும்ப வருமா என்று கேட்டுக்கொள்ளுங்கள்.

அடுத்து ஒரு கேள்வி: எந்த வளாகம்? ஒரே பெயரில் இயங்கும் சில இந்தியப் பள்ளிகளில் சிறு வகுப்புகள் ஒரு பகுதியிலும் மேல் வகுப்புகள் வேறொரு பகுதியிலும் நடக்கின்றன. சிலவற்றில் ஆண் பிள்ளைகளுக்கும் பெண் பிள்ளைகளுக்கும் தனி வளாகம் உண்டு. அண்ணனும் தங்கையும் ஒரே பள்ளி என்று நம்பி வீடெடுத்தவர்கள் காலையில் இரண்டு பேருந்துகளுக்கு நிற்பதைப் பார்க்கலாம். இரண்டாண்டுகளில் பிள்ளை மாறப்போகும் வளாகம் எது என்பதையும் சேர்த்தே கணக்கிடுங்கள்.

4. பேருந்தின் நேரத்தை அளந்து பாருங்கள்; தூரத்தை அல்ல

புதிதாக வருபவர்கள் அதிகம் இடறுவது இங்கேதான். வரைபடத்தில் பள்ளியைச் சுற்றி ஒரு வட்டம் போட்டு, அதற்குள் விழும் கட்டடங்களைப் பார்க்கிறார்கள். துபாயின் அமைப்புக்கு அந்த வட்டம் ஒத்துவராது. ஷேக் சயீத் சாலை, அல் கைல் சாலை, ஷேக் முகமது பின் சயீத் சாலை ஆகியவை நகரத்தை நீளவாக்கில் அறுத்துச் செல்லும் நெடுஞ்சாலைகள். பால்கனியில் நின்றால் எதிரே பள்ளியின் மைதானம் தெரியும்; இடையில் பன்னிரண்டு தடங்கள் ஓடும். அந்தப் பக்கம் போக அடுத்த மேம்பாலம் வரை சென்று சுற்றி வர வேண்டும். வீடும் பள்ளியும் நெடுஞ்சாலையின் ஒரே பக்கத்தில் இருப்பது, தூரம் ஐந்து கிலோமீட்டர் குறைவதைவிடப் பெரிய ஆதாயம்.

பள்ளிப் பேருந்தில் போகும் பிள்ளைக்குக் காரில் எத்தனை நிமிடம் என்பது பயன்படாத கணக்கு. காலையில் முதலில் ஏறும் பிள்ளைதான் பேருந்தில் அதிக நேரம் உட்கார்ந்திருக்கும். ஒரே தெருவில் அடுத்தடுத்த கட்டடங்களில் இருக்கும் இரண்டு பிள்ளைகளில் ஒருவர் 6:15க்கும் மற்றவர் 6:45க்கும் கிளம்புவது இங்கே சாதாரணம். இருவருடைய பேருந்துத் தடம் வேறு, அவ்வளவுதான். ஆகவே பள்ளியின் வரவேற்பறையில் கேட்டுத் திருப்தியடையாமல், போக்குவரத்துப் பொறுப்பாளரிடம் நேரடியாக இவற்றைக் கேளுங்கள்.

நான் பார்க்கும் கட்டடத்துக்கு இப்போது பேருந்து வருகிறதா? வருமென்றால் காலையில் அது எத்தனையாவது நிறுத்தம், மாலையில் எத்தனையாவது? பேருந்து கட்டடத்தின் உட்சாலைக்குள் வந்து நிற்குமா, எதிர்ப்புறப் பிரதான சாலையில் நிற்குமா? அந்தத் தடத்தில் இருக்கை மிச்சம் இருக்கிறதா? இந்தக் கடைசிக் கேள்வியைப் பெரும்பாலோர் விட்டுவிடுகிறார்கள். பள்ளியில் இடம் இருந்தும் பேருந்தில் இடம் இல்லாமல் பருவம் முழுக்க அப்பாவோ அம்மாவோ ஓட்டுநராக மாறிய குடும்பங்கள் இருக்கின்றன.

தொடக்க வகுப்புப் பிள்ளைக்குப் பேருந்தில் ஒரு வழிக்கு நாற்பது நிமிடத்துக்கு மேல் ஆகுமானால் அந்தப் பகுதியைப் பட்டியலிலிருந்து எடுத்துவிடுவது என் வழக்கம். பெரிய வகுப்புப் பிள்ளைகள் ஒரு மணி நேரத்தையும் தாங்குவார்கள். ஆனால் மாலையில் டியூஷனும் விளையாட்டும் நடக்காது.

நீங்களே கொண்டுபோய் விடுவதானால் வரைபடச் செயலியில் ஒரு செவ்வாய்க்கிழமையைத் தேர்ந்து, பள்ளி தொடங்குவதற்குப் பதினைந்து நிமிடம் முன்பாகச் சேர வேண்டும் என்று குறித்துப் பாருங்கள். அதன்பிறகு ஒரு முறையாவது அதே நேரத்தில் உண்மையாகவே ஓட்டிப் பாருங்கள். செயலி பள்ளி வாசல் வரைதான் கணக்கிடும். வாசலுக்கு முந்தைய ஐந்நூறு மீட்டரில் நிற்கும் கார் வரிசையை நேரில்தான் அறிய முடியும்.

ஒத்திகை பார்க்கும் நாளும் முக்கியம். ஜூலை, ஆகஸ்ட் மாதங்களில் பள்ளிகள் மூடியிருக்கும், பாதி ஊர் விடுமுறையில் போயிருக்கும், சாலைகள் வெறிச்சோடியிருக்கும். பல குடும்பங்கள் வந்து இறங்குவதும் அதே மாதங்களில்தான். அப்போது பன்னிரண்டு நிமிடத்தில் கடந்த சாலை செப்டம்பரில் நாற்பது நிமிடம் வாங்கும். ரமலான் மாதத்திலும் பள்ளி நேரமும் அலுவலக நேரமும் மாறிவிடுவதால் அந்த அளவீடும் ஆண்டின் மற்ற மாதங்களுக்கு உதவாது. வெள்ளிக்கிழமை பள்ளி நண்பகலுக்கு முன்பே முடிந்துவிடும் என்பதால் அன்று யார் அழைத்து வருவது என்பதைத் தனியாக யோசிக்க வேண்டும்.

நடந்து போகும் தூரம் என்ற விளம்பர வாசகத்தை நவம்பரில் படித்தால் நம்பத் தோன்றும். மே முதல் செப்டம்பர் வரை பிற்பகல் வெயிலில் புத்தகப் பையோடு எண்ணூறு மீட்டர் நடப்பது ஏழு வயதுப் பிள்ளைக்கு ஆகாத காரியம்.

5. வேலைக்குப் போகிறவரின் சாலையை மேலே வைத்துப் பாருங்கள்

பள்ளிக்குப் பொருந்தும் பகுதிகள் இரண்டு மூன்றாகக் குறைந்த பிறகுதான் அலுவலகத்தைக் கணக்கில் எடுக்க வேண்டும். பெரியவர் ஒருவர் மெட்ரோவில் நின்றுகொண்டு போய்விடுவார். ஆறு வயதுப் பிள்ளையால் முடியாது. ஊத் மேத்தா, நஹ்தா, குசைஸ் ஆகியவற்றில் பச்சை வழித்தட நிலையங்கள் உண்டு; பர்ஷாவில் சிவப்பு வழித்தடம் இருக்கிறது. மிர்திஃப், வர்கா, சிலிக்கான் ஓயாசிஸ் பகுதிகளுக்கான நீல வழித்தடம் 2029 செப்டம்பரில் திறக்கத் திட்டமிடப்பட்டிருக்கிறது. மெட்ரோ வரப்போகிறது என்று சொல்லி இன்றே கூடுதல் வாடகை கேட்பவரிடம் நீங்கள் ஓராண்டு ஒப்பந்தம்தான் போடுகிறீர்கள் என்பதை நினைவில் வையுங்கள்.

துபாய்ச் சாலைகளின் சுங்க வாயில்களைக் கடக்கும் கார்களுக்கான சாலிக் சுங்கத்தையும் சேர்த்துக்கொள்ளுங்கள். பள்ளி நாட்களில் காலை 6 முதல் 10 வரையும் மாலை 4 முதல் 8 வரையும் ஒரு வாயிலைக் கடக்க 6 திர்ஹம்; மற்ற பகல் நேரத்தில் 4 திர்ஹம். வீட்டுக்கும் பள்ளிக்கும் நடுவில் ஒரு வாயில் இருந்து, காலையில் விட்டுவிட்டுத் திரும்பி, பிற்பகல் இரண்டு மணிக்குப் போய் அழைத்து வந்தால் ஒரு நாளைக்கு 20 திர்ஹம் ஆகும். மாதம் இருபது பள்ளி நாள் என்றால் 400 திர்ஹம். வாயிலுக்கு இந்தப் பக்கம் வாடகை மாதம் 300 திர்ஹம் கூடுதலாக இருந்தாலும் அதுவே மலிவு.

6. பெயர் ஒன்று, ஊர் வேறு

நஹ்தா என்ற பெயரில் துபாயிலும் ஒரு பகுதி இருக்கிறது, ஷார்ஜாவிலும் ஒரு பகுதி இருக்கிறது. இரண்டும் ஒட்டியே இருக்கின்றன. விளம்பரத்தில் வாடகை சந்தேகப்படும் அளவுக்குக் குறைவாக இருந்தால் எமிரேட் எது என்று முதலில் பாருங்கள். அதுபோலவே பர்ஷா, பர்ஷா சவுத், பர்ஷா ஹைட்ஸ் ஆகிய மூன்றும் வெவ்வேறு பகுதிகள்; முதல் இரண்டுக்கும் நடுவே அல் கைல் சாலை போகிறது. பகுதியின் பெயரை நம்பாமல் கட்டடத்தின் இருப்பிடக் குறியீட்டை வாங்கிக்கொண்ட பிறகே நேரில் போங்கள்.

ஷார்ஜாவில் வாடகை குறைவு என்பது உண்மை. பிள்ளை துபாய்ப் பள்ளியிலும் வீடு ஷார்ஜாவிலும் என்றால் காலை நேர இத்திஹாத் சாலையைப் பார்த்த பிறகு முடிவெடுங்கள். பிள்ளையை ஷார்ஜாப் பள்ளியிலேயே சேர்த்தால் வேறொரு சிக்கல் வரும்: 2022 முதல் ஷார்ஜாவில் வெள்ளி, சனி, ஞாயிறு மூன்று நாளும் விடுமுறை, துபாயில் வேலை செய்யும் பெற்றோருக்கு வெள்ளி வேலை நாள். பிள்ளையைப் பார்த்துக்கொள்ள வீட்டில் ஆள் இருந்தால் இது ஒரு பொருட்டில்லை. இருவரும் வேலைக்குப் போகும் வீட்டில் மிச்சப்படுத்திய வாடகையின் ஒரு பங்கு அங்கே கரைந்துவிடும்.

7. பகுதியை மூன்று வேளைகளில் பாருங்கள்

முடிந்தால் முதல் மாதம் பள்ளியின் அருகில் ஹோட்டல் அபார்ட்மென்ட் எடுத்துத் தங்குங்கள். அது கூடுதல் செலவுதான். பொருந்தாத வீட்டில் ஓராண்டு மாட்டிக்கொள்வதோடு ஒப்பிட்டால் சிறியது.

காலை ஆறரை மணிக்குக் கட்டடத்தின் கீழே நின்றால் எந்தெந்தப் பள்ளிப் பேருந்துகள் வருகின்றன என்று தெரியும். உங்கள் பிள்ளையின் பள்ளிச் சீருடையில் நான்கைந்து பிள்ளைகள் நிற்கிறார்கள் என்றால் பேருந்துத் தடம் நிலையானது, அடுத்த ஆண்டு நிறுத்தத்தை எடுத்துவிட மாட்டார்கள். மாலை ஐந்து மணிக்குப் போனால் பிள்ளைகள் எங்கே விளையாடுகிறார்கள், வாகன நிறுத்துமிடத்திலா பூங்காவிலா என்பது தெரியும். இரவு பத்து மணிக்குப் போனால் விருந்தினர் கார் நிறுத்த இடம் இருக்கிறதா என்பதும் விமானச் சத்தமும் தெரியும். கர்ஹூத், மிர்திஃப் பக்கம் வீடு பார்ப்பவர்கள் இந்த இரவுச் சோதனையைத் தவிர்க்கக் கூடாது.

வாட்ச்மேனிடம் ஒரே ஒரு கேள்வி கேட்பதானால் இதைக் கேளுங்கள்: 2024 ஏப்ரல் 16 மழையில் இந்தக் கட்டடத்தின் அடித்தளத்தில் தண்ணீர் நின்றதா, எத்தனை நாளில் வடிந்தது, லிஃப்ட் எப்போது ஓடியது? பராமரிப்பு நிறுவனத்தின் வேலைத் தரத்தை இந்த ஒரு பதிலே காட்டிவிடும். தரகர் கேட்டுக்கொண்டிருக்கும்போது கேட்க வேண்டாம்.

8. வாடகையைத் தாண்டிய முதல் மாதச் செலவு

ஆண்டு வாடகை 72,000 திர்ஹம் என்று ஒரு கணக்குக்கு வைத்துக்கொள்வோம். தரகருக்கு வழக்கமாக 5 விழுக்காடு, அதாவது 3,600 திர்ஹம். அதற்கு மேல் வாட் வரி. பொருட்கள் இல்லாத வீட்டுக்கு வைப்புத்தொகை 5 விழுக்காடு, இன்னொரு 3,600. மின்சாரம், தண்ணீர் இணைப்புக்கு, அவற்றை வழங்கும் அரசு நிறுவனமான தீவாவில் (DEWA) அடுக்குமாடி வீட்டுக்கு 2,000 திர்ஹமும் வில்லாவுக்கு 4,000 திர்ஹமும் வைப்பு. ஈஜாரிப் பதிவுக் கட்டணம் தனி.

இதில் தெரியாமல் போவது வீட்டுவசதிக் கட்டணம். ஆண்டு வாடகையில் 5 விழுக்காட்டைப் பன்னிரண்டாகப் பிரித்து மாதாமாதம் தீவா பில்லில் சேர்ப்பார்கள்; நம் கணக்கில் மாதம் 300 திர்ஹம். குளிரூட்டும் கட்டணம் இன்னொரு மறைவிடம். சில்லர் ஃப்ரீ என்று விளம்பரம் செய்யும் வீட்டில் அது வாடகைக்குள் அடக்கம். மற்ற வீடுகளில் தனி நிறுவனத்துக்குத் தனி வைப்பும் தனி பில்லும் உண்டு. வாடகை குறைந்த வீடு என்று எடுத்து ஆகஸ்ட் பில்லைப் பார்த்து அதிர்பவர்கள் இந்த இடத்தில் தவறியவர்களே. முந்தைய குடித்தனக்காரரின் ஜூலை, ஆகஸ்ட் பில்களைக் கேட்டு வாங்கிப் பாருங்கள்.

9. ஒப்பந்தத்தில் கையெழுத்திடுமுன்

வாடகையை இனி வரும் தேதிகளிட்ட காசோலைகளாக முன்கூட்டியே கொடுப்பதே வழக்கம். காசோலை வீட்டு உரிமையாளர் பெயரில் இருக்க வேண்டும். அந்தப் பெயர் சொத்துப் பத்திரத்தில் உள்ள பெயரோடு ஒத்திருக்க வேண்டும். வீட்டு வாடகை, விற்பனைத் துறையை ஒழுங்குபடுத்தும் அரசு அமைப்பு ரேரா; தரகரின் ரேரா பதிவு எண்ணைத் துபாய் ரெஸ்ட் என்ற அரசுச் செயலியில் சரிபார்க்கலாம். வீட்டைப் பார்க்காமலே முன்பணம் கேட்பவரோடு பேச்சைத் தொடர வேண்டாம்.

ஒப்பந்தம் முடியும் மாதத்தைப் பள்ளி நாட்காட்டியோடு பொருத்துங்கள். சிபிஎஸ்இ தேர்வுகள் பிப்ரவரி, மார்ச்சில் வருகின்றன. ஒப்பந்தமும் மார்ச்சில் முடிந்தால் பொதுத்தேர்வு எழுதும் பிள்ளை அட்டைப் பெட்டிகளுக்கு நடுவில் படிக்க வேண்டிவரும். எந்தப் பாடத்திட்டமானாலும் ஜூலையில் முடியும் ஒப்பந்தமே வசதி. மற்ற மாதத்தில் குடியேறுபவர்கள் முதல் ஒப்பந்தத்தை ஒன்றிரண்டு மாதம் நீட்டித்துப் போட முடியுமா என்று உரிமையாளரிடம் கேட்டுப் பார்க்கலாம். காலியாகக் கிடக்கும் வீடென்றால் பலர் ஒப்புக்கொள்கிறார்கள்.

வேலை மாறினாலோ பள்ளி மாறினாலோ பாதியில் காலி செய்யும் உரிமை தானாக வராது. எத்தனை மாத முன்னறிவிப்பு, எவ்வளவு இழப்பீடு என்பதைப் பின்னிணைப்பாக எழுதி வாங்குங்கள். இரண்டு மாத வாடகை இழப்பீடு என்பது பரவலாக ஒப்புக்கொள்ளப்படும் அளவு.

10. குடியேறிய பின் குறித்துவைக்க வேண்டிய தேதிகள்

புதுப்பிக்கும்போது வாடகையையோ நிபந்தனையையோ மாற்ற விரும்பும் உரிமையாளர், ஒப்பந்தம் முடிவதற்கு 90 நாள் முன்பே தெரிவிக்க வேண்டும். ஜூலை 31இல் முடியும் ஒப்பந்தத்துக்கு இந்தக் கெடு மே 2. அந்தத் தேதியைக் கைப்பேசியில் குறித்துவையுங்கள். ரேரா வாடகைக் குறியீட்டின்படி உங்கள் வாடகை சந்தை அளவைவிடப் பத்து விழுக்காடு வரை மட்டுமே குறைவாக இருந்தால் உயர்த்தவே முடியாது. வித்தியாசம் கூடக் கூட உயர்வின் வரம்பு 5, 10, 15 விழுக்காடு என்று ஏறும். 20 விழுக்காடு உச்சம். வீட்டை விற்கவோ தானே குடியேறவோ விரும்பும் உரிமையாளர் நோட்டரி வழியாகவோ பதிவு அஞ்சலிலோ பன்னிரண்டு மாத அறிவிப்பு தர வேண்டும். வாட்ஸ்அப்பில் வரும் காலி செய்யச் சொல்லும் செய்தி அந்த அறிவிப்பாகாது.

பள்ளியின் மறுசேர்க்கைக் கட்டணத்துக்கும் பேருந்து இருக்கையைப் புதுப்பிப்பதற்கும் உள்ள கெடுக்களை அதே நாட்காட்டியில் போட்டுவையுங்கள். பகுதி மாறும் எண்ணம் இருந்தால், புதிய முகவரிக்குப் பேருந்து உண்டு என்ற பதில் போக்குவரத்துப் பொறுப்பாளரிடமிருந்து எழுத்தில் வந்த பிறகே உரிமையாளருக்குக் காலி செய்யும் கடிதத்தை அனுப்புங்கள்.